தோக்கெலாவ்காரி பெயர் சொன்ன ஆட்டுப் பங்கு

டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் மத்தியானச் சாப்பாட்டு மேசையை, ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் ஒரு நாளாவது வந்து பார்க்கவேண்டும். எல்லாரும் வட்டமாக இருப்பார்கள். அவரவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மத்பாக்கே என்ற சாப்பாட்டுப் பெட்டியை அவரவர் திறப்பார்கள். கறுப்புப் பாண் துண்டு, அதன்மேல் ஈரல் பசை, அதற்குமேல் ஒரு வட்டம் வெள்ளரிக்காய். மழையைப் பற்றியும் வேலிப் புல் வெட்டுவதைப் பற்றியும் சிரித்துச் சிரித்துக் கதைப்பார்கள். கை மட்டும் அவரவர் பெட்டியை விட்டு வெளியே வராது. "கொஞ்சம் எடுங்கோவன்" என்று ஒரு வாய்ச்சொல்லாவது? மூச்சும் இல்லை. வந்த புதிதில் நான் ஒரு பெட்டி கடலை வடை சுட்டுக்கொண்டு போய் நடு மேசையில் வைத்தேன். பிர்த்தே என்ற மூத்த தாதி என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்றைக்கு உனக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது டெனிஷ் அரைகுறை. மரியாதைக்கு "யா, யா" என்று தலையாட்டிவிட்டேன். அவ்வளவுதான். அலுமாரிக்குள் இருந்து ஒரு குட்டி டென்மார்க் கொடியை எடுத்து வடைக்குப் பக்கத்தில் நட்டு, எல்லாருமாக எழும்பி நின்று பாட்டுப் பாடினார்கள். பிறந்தநாள் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்குச் சாப்பாடு நீட்டுவார் என்பது இந்தச் சனத்தின் மூளைக்கு எட்டாத விஷயம். சீ, இதுவும் ஒரு சாப்பாட்டு மேசையா என்று அன்றைக்கு நினைத்தேன்.

இத்தனை வருடம் கழித்து, போன வருடம் அதே மேசைக்கு ஒருத்தி வந்தாள். எங்கள் குசினிக்குப் புதிதாகச் சேர்ந்தவள். அகலமான முகம், தடித்த சுருள் முடி, சத்தமான சிரிப்பு. முதல்நாளே தன் பெட்டியை நடு மேசைக்குத் தள்ளித் திறந்து வைத்தாள். தேங்காய்ப் பாலில் அவித்த மீனும் சோறும். பிர்த்தே வழமைபோல, "பிறந்தநாளா?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுடைய பெயர் மெலே. காற்றாலைக் கம்பனியில் வேலை செய்கிற ஒரு டெனிஷ்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவள்.

பிர்த்தே அவளை முதலில் கிறீன்லாந்துக்காரி என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல், "உங்கள் ஆட்களுக்குக் குடியை விடுவது கஷ்டம், என்ன?" என்று அனுதாபமாக வேறு சொன்னாள். தங்களோடு சேர்ந்த நிலம் என்று கிறீன்லாந்தைப் பெருமையாகச் சொல்லும் வாயால்தான் இதையும் சொல்கிறார்கள். மெலே சிரித்துக்கொண்டு, தான் பசிபிக் கடலில் தோக்கெலாவ் என்ற தீவிலிருந்து வந்தவள் என்றாள். "அதன் தலைநகரம் எது?" என்றாள் பிர்த்தே. "இந்த வருடம் ஃபக்காஓஃபோ, அடுத்த வருடம் வேறு தீவு" என்றாள் மெலே. பிர்த்தே அவளுடைய கையைத் தட்டி, "இல்லையம்மா, நீ சொல்ல வந்தது 'போன வருடம் அங்கே குடியிருந்தேன்' என்று. டெனிஷ் வினைச்சொல் கஷ்டம்தான்" என்று திருத்திவிட்டாள். மெலே சரியாகத்தான் சொன்னாள். அந்த நாட்டுக்கு நிலையான தலைநகரமே இல்லை. மூன்று தீவுகள், மூன்று தலைவர்கள். வருடத்துக்கு ஒருவராக முறை மாறி முழு நாட்டுக்கும் தலைவராவார்கள். யார் தலைவரோ அவருடைய தீவுதான் அந்த வருடம் தலைநகரம். இதைக் கேட்டபோது எனக்கு வாய் பிளந்துவிட்டது. இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தலைவர் கதிரையில் ஒருமுறை இருந்தவரை எழுப்ப ஒரு நாளும் எங்களால் முடிந்ததில்லை.

அதன்பிறகு பாத்திரம் கழுவும் நேரமெல்லாம் அவளுடைய தீவுக் கதைதான் எங்களுக்கு. அரை டெனிஷ், அரை இங்கிலிஷ், மிச்சம் கையும் காலும். மோதிரம்போல வளைந்த பவளத்திட்டுகள், நடுவில் கடல்நீர் ஏரி. நிலம் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. உயரம் என்று சொல்ல தென்னை மரம்தான் உண்டு. விமானம் இறங்க இடமில்லை. சமோவாவிலிருந்து கப்பல், அதுவும் ஒரு பகலும் இரவும் தாண்டும் பயணம். கப்பலும் கரைக்கு வராது, துறைமுகம் இல்லை. பாறை இடைவெளியால் சின்னப் படகில்தான் சாமானையும் கிழடு கட்டைகளையும் இறக்கவேண்டும். மண்ணில் விளைவது தேங்காயும் ஈரப்பலாவும் கொஞ்சம் கிழங்கும். ஆனால் கையளவு நிலத்தைச் சுற்றி அவர்களுக்கென்று பென்னாம்பெரிய கடல். அந்தக் கடலில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டுகிற கட்டணமும், நியூசிலாந்து கொடுக்கிற உதவியும்தான் நாட்டின் சீவியம். நியூசிலாந்தின் கடவுச்சீட்டு, நியூசிலாந்தின் காசு. கரண்டு சூரியனில் இருந்து. தீவில் இருப்பவர்களைவிட நியூசிலாந்தில் இருக்கும் தோக்கெலாவ்காரர்தான் கூட. மெலேயும் சிறுமியாக இருந்தபோதே அங்கே போனவள்தான். அந்த ஒன்றைக் கேட்டதும், ஓ, நீயும் எங்கட கேஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். என் கணவரிடம், இனி இவர் என்றே எழுதுகிறேன், "மெலே வாறா" என்று சொன்னேன். இவர் ஏணிப்படியைப் பார்த்து, "ஆர் மேலை வாறது? மேலை என்ன அலுவல்?" என்றார். நல்ல காலம், சிரித்துச் சமாளித்தோம். ஆனால் சோறு போட்டபிறகு வந்த கதை சிரிப்பில் முடியவில்லை. இவருக்குச் சாப்பாட்டைவிட நாட்டுக் கதைதான் பிடிக்கும். எங்களுக்கு நாடு கிடைக்காததைப் பற்றி இவர் பேசாத நாள் இல்லை. மெலேயின் தீவில் சுயாட்சிக்காக இரண்டுதரம் வாக்கெடுப்பு நடந்தது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியால் இரண்டுதரமும் கொஞ்சத்தில் தவறிவிட்டது என்று கேட்டதும் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"என்ன சனமப்பா இது? வாக்குப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னாலை வைச்சு, இந்தா உங்கட நாடு எண்டு குடுக்க, வேண்டாமெண்டு சொல்லுற சனமும் இருக்கோ? கேக்கவே அரியண்டமா இருக்கு."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அருவருத்தது. நாங்கள் என்னென்ன பறிகொடுத்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெலேக்கு இவருடைய தமிழ் விளங்கவில்லை, முகம் விளங்கியது. நியூசிலாந்தில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை, தனக்கும் இல்லை என்றாள். தீவில் இருந்த மாமா வேண்டாம் என்று போட்டாராம், கப்பல் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில். அதே வீட்டில் மாமி வேண்டும் என்று போட்டாராம். "பிறகு?" என்றேன். "பிறகு என்ன, பின்னேரம் மீன் வந்தது. ரெண்டு பேரும் சாப்பிட்டவை" என்றாள்.

அந்த மீன் எப்படி வந்தது என்று அவள் சொன்னதுதான் என்னைப் பிடித்தது. ஊருக்காகப் பிடித்த மீன் முழுக்கக் கரையில் கொட்டப்படும். வீட்டு வீடாகத் தலையை எண்ணிக் கூறு போடுவார்கள். பிடிக்கப் போனவன், போகாதவன், படுக்கையில் கிடப்பவன், நேற்றுப் பிறந்தது எல்லாருக்கும் கணக்கு ஒன்று. அதற்கு இனாத்தி என்று பெயர். நான் இவருக்கு மொழிபெயர்த்தேன். இவர் கையைக் கழுவிக்கொண்டே, "இனாமோ? அதுதானே பாத்தன். ஓசிச் சாப்பாடு சாப்பிட்ட சனத்துக்கு நாடு என்னத்துக்கு?" என்றார். "இனாம் இல்லையப்பா, இனாத்தி. எங்கட பங்கு மாதிரி" என்றேன். பங்கு என்று சொன்னவுடனேயே என் நாக்குக் கசந்தது. காரணம் வதனி.

பங்கு இறைச்சி தெரியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. தீபாவளிக்குப் பல வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி, அடித்து, எலும்பும் ஈரலும் கொழுப்புமாகச் சமமாகக் கூறு போட்டு எடுப்பது. இதை நினைத்துக் கண்ணீர் வடிக்க எனக்கு மனமில்லை. எங்கள் ஒழுங்கையிலும் பங்கு இருந்தது. ஆனால் எந்த வேலிவரைக்கும் பங்கு, எந்த வேலியோடு நிறுத்துவது என்று பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கிடாயை அடித்து உரித்துத் தந்தவரைப் படலைக்கு வெளியே நிறுத்தி, தோலையும் ஒரு துண்டையும் ஓலையில் வைத்து நீட்டினார்கள். அந்தக் கூறுகளில் ஒன்று அவருக்கு ஏன் இல்லை என்று நான் சின்னதில் கேட்டு வாயில் அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் குணத்தையும் பெட்டிக்குள் மடித்து வைத்துத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறோம்.

பிராண்டேயில் பங்கை நடத்துபவர் மணியண்ணை. ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரன் கிடாய்களைச் சட்டப்படி வெட்டுவித்து முழுசாகத் தருவான். மணியண்ணையின் கராஜில் வைத்துத் துண்டாக்கிக் கூறு போடுவோம். வதனி எங்கள் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்பவள். என் கூடப்பிறக்காத தங்கச்சி. எத்தனையோ தீபாவளிக்கு, மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆட்டுக் குடலைக் குளிர் தண்ணீரில் நின்று கழுவித் தந்தவள் அவள்தான். போன வருடத்துக்கு முந்திய வருடம், கைநீட்டுகிற புருசன் குகனை விட்டு இரண்டு பிள்ளைகளோடு தனி வீட்டுக்குப் போனாள். அந்தத் தீபாவளிக்கே அவளுடைய பங்கு நின்றுவிட்டது. குகனுடைய பங்கு நிற்கவில்லை. கேட்டதற்கு மணியண்ணை, "ஒரு குடும்பத்துக்கு ஒரு பங்கு பிள்ளை. தனிப் பொம்பிளையைச் சேர்த்தால் வில்லங்கம்" என்றார். தானும் ஒரு வீடாகச் சேர்கிறேன் என்று அவளே போய்க் கேட்டாள். சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

"இந்த முறையும் என்னைச் சேர்க்காமல் விட்டாங்களெண்டால் நான் இஷொய்க்குப் போறன் அக்கா" என்று வதனி என்னிடம் சொல்லியிருந்தாள். இஷொய் நாட்டின் மற்றத் தொங்கலில், கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளுடைய தமக்கை அங்கே இருந்தாள். "இறைச்சி கடையிலை வேண்டலாம். எனக்கு இறைச்சியோ தேவை?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஆகவே போன வருட ஐப்பசியில் எனக்குத் தீபாவளி என்றால் ஒரே ஒரு கேள்விதான். வதனிக்குப் பங்கு உண்டா, இல்லையா?

மெலேக்கு எங்கள் பங்கைப் பார்க்க ஆசை. மணியண்ணையிடம் கேட்டேன். "ஆர், அந்த டெனிஷ்காரன்ர பெண்சாதியோ? தாராளமா வரச் சொல்லு பிள்ளை. அவைக்கும் ஒரு பங்கு போடுவம்" என்றார். முகமெல்லாம் பல். நேற்று வந்தவளுக்கு, புருசன் வெள்ளைக்காரன் என்றபடியால் பங்கு. குடல் கழுவிக் கை வெடித்தவளுக்கு இல்லை. "அப்ப வதனிக்கும் ஒண்டு போடுங்கோ அண்ணை" என்றேன். "நீ ஏன் சும்மா கிடக்கிறதைக் கிளறுறாய்?" என்று கதையை வெட்டினார்.

பங்கு போடுகிற சனிக்கிழமை காலை கராஜ் சிமெந்துத் தரையில் பிளாஸ்டிக் விரித்து இறைச்சி குவிந்து கிடந்தது. ஒருவர் கண் ஈரலில், ஒருவர் கண் நெஞ்செலும்பில். மேசையில் தன்பாட்டுக்குக் கறுப்புப் பாண் சாப்பிடுகிற பிர்த்தேயை நான் என்னத்துக்குக் குறை சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். அவள் பகிர்வதாகப் பாசாங்கு செய்யவில்லை. எங்கள் ஆட்கள், "அந்தக் கூறுக்குக் கொழுப்புக் கூட" என்று முழங்காலில் நின்று கிளறிக்கொண்டே, நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவரும் அதற்குள் ஒருவர்.

பாரபட்சம் வராமல் இருக்க எங்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் வாயில் வருகிற பெயருக்கு அந்தக் கூறு. "இண்டைக்கு இவ சொல்லட்டும், இவவுக்கு ஒருத்தரோடையும் கோபதாபமில்லை" என்று மணியண்ணை மெலேயைக் கொண்டுபோய்ச் சுவரோடு நிறுத்தினார். வந்திருந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தோம். அவளுக்குப் பெரிய சந்தோசம்.

"இது ஆருக்கு?" "ரவி." "இது ஆருக்கு?" "மணி." எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கூறைத் தொட்டார் மணியண்ணை. மெலே சுவரைப் பார்த்தபடி, "வதனி, ரெண்டு பிள்ளை" என்றாள்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிராண்டேயில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ப் பெயர்கள் இரண்டுதான், என்னுடையதும் வதனியுடையதும். பங்கு என்றால் வதனியும் இருப்பாள்தானே என்று நினைத்திருக்கிறாள். சிரிப்பு நின்றது. மணியண்ணை டெனிஷில், "இல்லை இல்லை, அவள் இதில் இல்லை. வேறு பெயர் சொல்லு" என்றார். மெலே திரும்பினாள். கண்கள் பயந்துபோய் இருந்தன. என்னைப் பார்த்து டெனிஷில் கேட்டாள், "வதனி செத்துவிட்டாளா?"

அவளுடைய ஊரில் பங்கில் ஒருவருடைய தலையைக் கழிப்பதற்கு அந்த ஒரு காரணம்தான் அவளுக்குத் தெரியும்.  பின் மூலையில் நின்ற குகன், இறைச்சிப் பையைக் கையில் சுற்றிக்கொண்டு, "என்னைப் பொறுத்தவரை செத்தவள்தான்" என்றான். யாரோ ஒருவர் சிரித்தார். மணியண்ணை குனிந்து, "சரி சரி, அந்தக் கூறு குகன்ர. எல்லாம் ஒரு வீடுதானே" என்று அந்தக் கூறைக் குகனுடைய பக்கம் தள்ளினார்.

 "த்தூ! ஒரு ஆட்டைப் பங்கு போடத் தெரியேல்லை, உங்களுக்கு நாடு வேறை வேணுமோ?" என்று கத்திவிட்டேன். இவர் "என்னப்பா, என்னப்பா" என்று வந்தார். "நீங்கள் கதையாதேங்கோ. நாட்டை வேண்டாமெண்ட சனம் அண்டு பின்னேரமே மீனைப் பங்கு போட்டுச் சாப்பிட்டதாம். அதைத்தானே அரியண்டம் எண்டனீங்கள்?" என்றேன். எனக்கொரு கூறும் மெலேக்கொரு கூறுமாக வாரி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறினோம். அந்தப் பை மடியில் சூடில்லாமல் கனத்தது. மெலேதான் காரை ஓட்டினாள்.

வதனியின் மகள் கதவைத் திறந்து, "அம்மா, மெலேயும் வந்திருக்கிறா" என்று டெனிஷில் உள்ளே கூப்பிட்டாள். நடையில் ஏற்கனவே மட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வதனி பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

"அவையள் தந்தவையோ, நீங்கள் கொண்டந்தனீங்களோ?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நாங்கள் கொண்டந்தனாங்கள்."

"கொண்டுபோங்கோ அக்கா. எனக்கு இனாம் வேண்டாம்."

அவள் சொன்னது சரி. பிச்சையாக வருவது பங்கு ஆகாது.  ஆனால் அந்த வசனத்தில் மெலேக்கு ஒரே ஒரு சொல் மட்டும் விளங்கியது. முகம் மலர்ந்து, "யா, யா! இனாத்தி!" என்று கை தட்டிவிட்டு, குசினித் தரையில் சம்மணம் போட்டு இருந்து, பையைக் கவிழ்த்து, எல்லா இறைச்சியையும் ஒன்றாகக் கலந்தாள். பிறகு விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். வதனி, இரண்டு பிள்ளைகள். நானும் இவரும். தானும் தன் மனிசனும். இவருக்கும் ஒரு பங்கா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் எண்ணியதை மாற்றவில்லை. வீட்டுக்கு ஒன்றாகக் கூறு போட்டு முடித்து, வதனியின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். சுவர் தெரியவில்லை, அங்கேயும் பெட்டிகள்தான். மெலே ஒரு கூறைத் தொட்டு, காலையில் பழகிய தமிழில், "இது ஆருக்கு?" என்றாள்.

வதனி முன்னால் இருந்த பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினாள். பிறகு, "அக்காவுக்கு" என்றாள். "இது ஆருக்கு?" "மெலேக்கு." மிஞ்சியது பெரிய கூறு ஒன்றுதான். கேட்கவே தேவையில்லை. மெலே அதையும் தொட்டுக் கேட்டாள். பெட்டிகளைப் பார்த்தபடி வதனி, "வதனிக்கு, ரெண்டு பிள்ளையளுக்கு" என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமாக அழுதாள்.

இஷொய்க்குப் போகாமல் விட்டாள் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும். போய்விட்டாள். வீட்டை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று, குளிர்ப்பெட்டியைக் கழுவி நிறுத்தியாயிற்று. தன் கூறைப் பையில் கட்டி, மேலே மார்க்கர் பேனையால் தன் பெயரைத் தமிழில் எழுதி என்னிடம் தந்தாள். "இதை உங்கட பிரீசரிலை வையுங்கோ அக்கா. பங்கு கிடந்தால்தான் நான் எடுக்க வரவேணும்" என்றாள்.

மெலே இப்போதும் பெட்டியை நடு மேசையில் திறந்துதான் வைக்கிறாள். பிர்த்தேயும் இப்போது கேள்வி கேட்காமல் ஒரு துண்டு எடுக்கப் பழகிவிட்டாள். பதிலுக்குத் தன் ஈரல் பசைப் பாணை ஒரு நாளும் நீட்டியதில்லை. நானும் மணியண்ணை வீட்டுப் பக்கம் போவதில்லை. நடுவில் எங்கேயோ நிற்கிறேன்.

போன கிழமை இவர் பிரீசரைக் குடைந்துகொண்டு நின்றார். "என்னப்பா, தீபாவளி இறைச்சி இன்னும் கிடக்கு. காய்ச்சுமன்."

"தொடாதேங்கோ. அது எங்கடை இல்லை."

"அவள்தான் போயிட்டாளே?"

"போனவள்தான். செத்தவள் இல்லை."

இவர் பையைத் திரும்ப வைத்தார். அதன்மேல் உறைபனி படிந்து எழுத்து மங்குகிறது. பட்டாணி எடுக்கப் போனாலும் மீன் எடுக்கப் போனாலும், விரலால் அதைத் துடைத்து, வதனி என்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.